முழங்கால் வலியும் இடுப்புத் தசைகளின் வலிமையும்

ஓட்டப் பயிற்சி பெறும் மாணவ மாணவியரிடையே மிகுதியாகக் காணப்படும் உபாதைகளுள் ஒன்று, முழங்காலின் முன்புறத்தில், சில்லைச் சுற்றியோ அதன் பின்னாலோ தோன்றும் வலியாகும். அடிபட்டதாக நினைவு இராது; வீக்கமும் பெரும்பாலும் இராது. படியிறங்கும்போதும், சரிவில் ஓடும்போதும், குந்தி எழும்போதும், வகுப்பில் நெடுநேரம் காலை மடக்கி அமர்ந்திருந்த பின்னரும் வலி மிகும். இரண்டு நாள் ஓய்ந்தால் தணியும். மீண்டும் ஓடத் தொடங்கினால் திரும்பிவரும். இவ்வலி ஆண்களைவிடப் பெண்களை ஏறத்தாழ இரு மடங்கு பற்றுகிறது. வலி முழங்காலில் தோன்றினும், அதனைத் தணிக்கும் வழிகளுள் ஒன்று இடுப்பில் இருக்கின்றது என்பதைக் கடந்த இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. அந்த ஆராய்ச்சிகள் எதுவரை உறுதியானவை, எங்கே ஐயத்திற்கு இடமுள்ளவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கேரளத்தின் கிழக்கு எல்லையிலுள்ள பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களுக்கும் இப்பொருள் விசேஷ முக்கியத்துவம் உடையது. பாலக்காட்டில் பரளி, முண்டூர், குமரம்புத்தூர் கல்லடி முதலிய இடங்களிலுள்ள பள்ளிகள் தடகள விளையாட்டில் நாடறிந்தவை. முண்டூரைச் சேர்ந்த பி. யு. சித்ரா 2017ஆம் ஆண்டு புவனேசுவரத்திலும் 2019ஆம் ஆண்டு தோகாவிலும் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டிகளில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர். இடுக்கி மாவட்டமோ தொடுபுழையின் ஷைனி வில்சனையும், 2002ஆம் ஆண்டு பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் தங்கம் பெற்ற கே. எம். பீனாமோளையும், 2010ஆம் ஆண்டு குவாங்சௌவில் 10,000 மீட்டரில் தங்கம் பெற்ற பிரீஜா ஸ்ரீதரனையும் அளித்தது. சித்தூர், தேவிகுளம், பீர்மேடு தாலுக்காக்களின் தமிழ்வழிப் பள்ளிகளில் பயிலும் கூலித் தொழிலாளரின் மக்களுக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் மக்களுக்கும் இவர்கள் பெயர் அந்நியமன்று. ரயில்வேயிலும் போலீஸிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைக்குமென்ற நம்பிக்கையே பல பெண் குழந்தைகளைப் பதினான்கு, பதினைந்து வயதில் மைதானத்திற்குக் கொண்டுவருகிறது. அந்த வயதிலேயே இவ்வலியும் தலைகாட்டுகிறது. வலியை மறைத்து ஓடினால் அது ஆண்டுக்கணக்கில் நீடிக்கலாம். வலிக்கு அஞ்சிப் பயிற்சியை அடியோடு நிறுத்தினால் மாநிலப் போட்டி கைநழுவும். ஆகவே, “ஓய்வெடு” என்ற ஒற்றைச் சொல் ஆசிரியருக்கு எளிதாயினும் மாணவிக்கு எளிதன்று.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும். பாலக்காட்டைச் சேர்ந்த நீளத்தாண்டல் வீரர் எம். ஸ்ரீசங்கர் 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் பயிற்சியின்போது முழங்காலிற் காயமுற்று, அறுவைச் சிகிச்சை பெற நேர்ந்து, அவ்வாண்டின் பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொள்ள இயலாது போயிற்று. அது ஒரு கணத்தில் நேர்ந்த காயம். இங்கு கூறப்படுவது அத்தகையதன்று; எதுவும் அறுபடாமல், முறியாமல், சிறிது சிறிதாகச் சேரும் வலியாகும்.

சில்லும் கப்பியும்

முழங்காற்சில்லு என்பது தொடையின் முன்புறத்துப் பெருந்தசையின் நாணுக்குள் பதிந்துள்ள சிறு எலும்பு. தொடை எலும்பின் கீழ்முனையில் ஒரு சால் உள்ளது. காலை மடக்கி நீட்டும்போது சில்லு இச்சாலின் வழியே மேலும் கீழும் வழுக்கிச் செல்கிறது. கிணற்றுக் கப்பியின் பள்ளத்தில் கயிறு ஓடுவதைப் போன்றது இது. சில்லின் பின்புறத்தில் குருத்தெலும்பு படிந்துள்ளது. உடலின் மூட்டுகளுள் மிகத் தடித்த குருத்தெலும்பு இங்குதான் உள்ளது என்பதிலிருந்தே இவ்விடம் தாங்கும் பாரத்தை ஊகிக்கலாம்.

அப்பாரம் எவ்வளவு? சமதரையில் நடக்கும்போது சில்லின்மீது விழும் அழுத்தம் உடல் எடையிற் பாதி. படியேறி இறங்கும்போது அது 3.3 மடங்காகிறது. குந்தி எழும்போது 7.6 மடங்குவரை உயர்வதாக 1972ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுள்ளனர். 45 கிலோகிராம் எடையுள்ள ஒரு மாணவி குந்தி எழும் ஒவ்வொரு முறையும் அவளது சில்லு சுமார் 340 கிலோகிராம் அழுத்தத்தைத் தாங்குகிறது என்பது இதன் பொருள். தண்டனையாகத் தோப்புக்கரணம் போடச் சொல்வது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி தடைசெய்யப்பட்டுள்ளது. ஆயினும் “உடலைச் சூடேற்றல்” என்ற பெயரில் நூறு தோப்புக்கரணமும், மைதானத்தைச் சுற்றித் தவளைக் குதியும் இன்னும் சில இடங்களில் வழக்கில் உள்ளன. வலியுள்ள முழங்காலுக்கு இவற்றைவிடத் தகாத பயிற்சி வேறொன்று தேடிக் கண்டுபிடித்தல் அரிது.

ஆரோக்கியமான குருத்தெலும்பு இவ்வழுத்தத்தைப் பரந்த பரப்பில் ஏற்று எளிதாகத் தாங்குகிறது. சில்லு சாலின் ஒரு பக்கமாக, பெரும்பாலும் வெளிப்புறமாக, ஒதுங்கினால் அதே பாரம் குறுகிய இடத்தில் விழுகிறது. சில்லு ஏன் ஒதுங்குகிறது என்னும் வினாவிற்கு, தொடைத் தசையின் உட்பகுதி நலிந்து வெளிப்பகுதி சில்லை இழுப்பதே காரணம் என்று நெடுங்காலம் விடை கூறப்பட்டது. அதற்கேற்பப் பயிற்சிகள் யாவும் தொடையின் முன்புறத்திற்கே அளிக்கப்பட்டன.

2003ஆம் ஆண்டு தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் பவர்ஸ் என்பாரும் உடனாய்ந்தோரும் எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படக்கருவியைக் கொண்டு ஒரு புதுமையைக் கண்டனர். காலில் பாரம் இல்லாது நீட்டி மடக்கியபோது, அசையாத தொடை எலும்பின்மீது சில்லு நகர்ந்தது. காலை ஊன்றிப் பாரம் ஏற்றியபோதோ, சில்லு ஏறக்குறைய நிலையாக நிற்க, அதன் அடியில் தொடை எலும்பே உட்புறமாகத் திரும்பியது. கப்பி நட்ட தூண் சாய்ந்தால் கயிறு கப்பியின் விளிம்பில் உராயும். கயிற்றை மாற்றிப் பயனில்லை, தூணை நிமிர்த்த வேண்டும். தொடை எலும்பாகிய தூணை நேரே நிறுத்துபவை இடுப்பின் தசைகளாகும். ஆராயப்பட்டவர் ஆறு பெண்களே ஆயினும், இச்சிறு ஆராய்ச்சி முழங்கால் வைத்தியத்தின் பார்வையை இடுப்பின் பக்கம் திருப்பிவிட்டது.

ஒற்றைக்காலில் நிற்கும் உடல்

ஓடுவது என்பது ஒரு காலிலிருந்து மறுகாலுக்குத் தாவிக்கொண்டே இருப்பதாகும். இரு கால்களும் ஒருசேரத் தரையில் இருக்கும் கணம் ஓட்டத்தில் கிடையாது. 10,000 மீட்டர் ஓடும் வீராங்கனையின் ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 3,500 முதல் 4,500 முறை உடலைத் தனித்துத் தாங்குகிறது. அப்போது இடுப்பு எலும்பு மறுபக்கம் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்வது, இடுப்பின் வெளிப்புறத்திலுள்ள நடுப்பிட்டத் தசையின் வேலை. தொடையைப் பக்கவாட்டில் அகற்றுவதும் இதுவே. தொடை உட்புறமாகத் திரும்பாமல் காப்பது பெரும்பிட்டத் தசையும் அதனடியிலுள்ள சிறு தசைகளும் ஆகும்.

இங்கே ஒரு தராசின் கணக்கு உள்ளது. உடலின் பாரம் இடுப்பு மூட்டிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் உட்புறமாக விழுகிறது. நடுப்பிட்டத் தசையோ மூட்டிற்கு வெளியே சுமார் 5 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து இழுக்கிறது. குட்டையான கோலின் முனையில் நின்று நெட்டையான கோலைச் சமன் செய்ய வேண்டுமாயின், இரு மடங்கு விசை தேவை. 45 கிலோகிராம் எடையுள்ள மாணவி ஒற்றைக்காலில் அசையாது நிற்கும்போதே, ஊன்றிய கால் நீங்கலாக மேலுள்ள சுமார் 37 கிலோகிராமைச் சமன் செய்ய அத்தசை 75 கிலோகிராம் அளவிற்கு இழுக்கிறது. ஓடும்போது இது மேலும் பன்மடங்காகும்.

இத்தசை நலிந்தால் என்ன ஆகும் என்பதை 1895ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரெண்டலன்பர்க் விவரித்தார். நலிந்த பக்கத்துக் காலில் நிற்கும்போது மறுபக்கத்து இடுப்பு கீழே இறங்கும். அதைச் சரிசெய்ய உடலின் மேற்பகுதி ஊன்றிய காலின் பக்கம் சாயும். இளம்பிள்ளை வாதத்தால் இடுப்புத் தசை செயலிழந்தவர் ஒவ்வோர் அடிக்கும் பக்கவாட்டில் சாய்ந்து நடப்பதை மூத்த சுகாதாரப் பணியாளர் பலர் கண்டிருப்பர். ஓட்ட வீரரிடம் காணப்படுவது அதன் மிகச் சிறிய சாயலாகும். நடையில் அது தெரியாது. களைத்த காலோடு ஓடும் கடைசிச் சுற்றுகளில் தெரியும். அப்போது இடுப்பு ஒருபுறம் இறங்குகிறது, தொடை உள்ளே சாய்ந்து திரும்புகிறது, முழங்கால் பெருவிரலுக்கு உட்பக்கமாக விழுகிறது.

இவ்வாறு முழங்கால் உள்விழுவதை, முட்டி தட்டும் கால் அமைப்போடு சேர்த்துக் குழப்புதல் கூடாது. முட்டி தட்டுதல் என்பது நேரே நிற்கும்போதே தெரியும் எலும்பின் அமைப்பு. ராணுவ, போலீஸ் தேர்வுகளில் அது குறையாகக் கொள்ளப்படுவதால், முழங்கால் சிறிது உள்நோக்கி இருந்தாலே பெற்றோர் கவலைகொள்கின்றனர். பயிற்சியால் எலும்பின் அமைப்பு மாறாது. ஆனால் நிற்கும்போது நேராக இருந்து, ஒற்றைக்காலில் மடங்கும்போது மட்டும் உள்விழும் முழங்காலைப் பெரும்பாலும் பழக்கத்தால் திருத்தலாம்.

ஆராய்ச்சிகள் கூறுவதும் கூறாததும்

2003ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் கென்டக்கியில் மேரி லாய்ட் அயர்லாந்து என்னும் மருத்துவரும் உடனாய்ந்தோரும், முழங்கால் வலியுள்ள 15 இளம் பெண்களின் இடுப்பு வலிமையை வலியற்ற 15 பேரின் வலிமையோடு ஒப்பிட்டு அளந்தனர். வலியுள்ளோரிடம் தொடையை அகற்றும் வலிமை 26 சதவிகிதமும், வெளிப்புறம் திருப்பும் வலிமை 36 சதவிகிதமும் குறைவாக இருந்தது. அதன் பின்னர் வந்த பல ஆராய்ச்சிகளும் இவ்வாறே கண்டன. இடுப்பு நலிவதாலேயே முழங்கால் வலிக்கிறது என்ற முடிவு விரைவிற் பரவிற்று.

அம்முடிவு அவசரமானது. வலி வந்த பின்னர் அளந்தால், நலிவு வலியைத் தந்ததா, வலி நலிவைத் தந்ததா என்று பிரித்தறிய இயலாது. வலியுள்ள காலை எவரும் முழுமையாக உபயோகிப்பதில்லை. உபயோகமற்ற தசை சில வாரங்களிலேயே நலியும். வலி இல்லாதோரை முதலில் அளந்து வைத்து, பின்னர் எவருக்கு வலி வருகிறது என்று காத்திருந்து பார்த்த ஆராய்ச்சிகளை 2014ஆம் ஆண்டு தொகுத்து நோக்கியபோது, இடுப்பு வலிமை குறைந்தோருக்கே பின்னர் வலி வந்தது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. பதின்பருவத்தினரிடம் இடுப்பு அகற்றும் வலிமை மிகுந்தவருக்கே வலி அதிகம் தோன்றியது எனவும் ஓர் ஆராய்ச்சி கண்டது. வலிமை மிக்கவரே அதிகம் ஓடி, அதிகம் குதித்து, மூட்டை அதிகம் வருத்துகின்றனர் என்பது இதற்குரிய விளக்கமாக இருக்கலாம்.

எனவே, வலிமை அளவைக் கொண்டு “உனக்கு நாளை முழங்கால் வலி வரும்” என்று எந்த மாணவியையும் ஒதுக்கிவைத்தல் தகாது. சோதிடத்தைப் போன்றே அதுவும் ஆதாரமற்றது.

சிகிச்சையின் நிலை வேறு. வலி வந்த பின்னர் இடுப்புத் தசைகளுக்கும் தொடைத் தசைகளுக்கும் சேர்த்துப் பயிற்சி அளித்தால், தொடைக்கு மட்டும் அளிப்பதைவிட வலி மிகுதியாகக் குறைகிறது என்பது பல ஆராய்ச்சிகளில் உறுதிப்பட்டுள்ளது. 2015ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சியில் 199 பேர் இரு பிரிவாக ஆறு வாரம் பயின்றனர். இடுப்பைப் பயிற்றியவர், முழங்காலைப் பயிற்றியவர் ஆகிய இரு பிரிவினரும் நலமடைந்தனர். இடுப்பைப் பயிற்றியவருக்கு வலி ஏறத்தாழ ஒரு வாரம் முன்னதாகத் தணிந்தது. மாநிலப் போட்டிக்கு ஒரு மாதமே உள்ள நிலையில் ஒரு வாரம் அற்பமன்று. முழங்காலை மடக்க இயலாத அளவு வலி உள்ளபோது, முழங்காலைத் தொந்தரவு செய்யாமலே இடுப்பிலிருந்து தொடங்கலாம் என்பதே இதன் பெரிய அனுகூலம்.

இன்னொரு செய்தியும் பயிற்சியாளர் அறியத் தக்கது. இடுப்பு வலிமை கூடியதால் மட்டும் ஓடும் முறை மாறிவிடுவதில்லை. 2011ஆம் ஆண்டு ஓர் ஆராய்ச்சியில், ஆறு வாரம் இடுப்புப் பயிற்சியும், ஒற்றைக்காலிற் குந்தும் முறையிற் பயிற்சியும் பெற்ற பெண்களின் வலிமை வளர்ந்தது, குந்தும் முறையும் சீர்பட்டது; ஓடும்போது முழங்கால் முன்போலவே உள்விழுந்தது. அடுத்த ஆண்டில், பெரிய நிலைக்கண்ணாடியின் முன் ஓடவைத்து, தம் முழங்கால் செல்லும் வழியைத் தாமே கண்டு திருத்தும்படி எட்டு முறை பயிற்றியபோது, ஓட்டமும் மாறியது, வலியும் குறைந்தது. பயிற்றியது எதுவோ அதுவே படிகிறது.

பள்ளி மைதானத்தில்

விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. சுமார் 20 சென்டிமீட்டர் உயரமுள்ள திண்ணைப் படியில் மாணவியை ஒற்றைக்காலில் நிறுத்தி, மறுகாலின் குதிகால் தரையைத் தொடுமளவு மெதுவாக இறங்கி எழச் செய்யலாம். கைகள் இடுப்பில் இருத்தல் வேண்டும். ஐந்து முறை போதும். ஆசிரியர் நேர் எதிரே நின்று மூன்றை நோக்க வேண்டும்: இடுப்பு ஒருபுறம் இறங்குகிறதா, உடல் பக்கவாட்டிற் சாய்கிறதா, சில்லு பெருவிரலைத் தாண்டி உட்புறம் செல்கிறதா? முதல் முறையைவிட ஐந்தாம் முறையே உண்மையைக் கூறும்.

பயிற்சி தரையிற் படுத்த நிலையில் தொடங்குகிறது. பக்கவாட்டிற் படுத்து, மேற்காலை நேரே நீட்டி, சிறிது பின்னோக்கி உயர்த்தி மெதுவாக இறக்குதல். முழங்கால்களை மடக்கி, பாதங்கள் ஒட்டியிருக்க மேல் முழங்காலை மட்டும் திறத்தல். மல்லாந்து படுத்து இடுப்பைத் தரையிலிருந்து உயர்த்துதல், பின்னர் அதனையே ஒற்றைக்காலாற் செய்தல். இரண்டு வாரத்திற்குப் பின் பழைய சைக்கிள் டியூபை வளையமாகக் கட்டி, கணுக்கால்களுக்கு மேலே மாட்டி, பக்கவாட்டில் நடக்கச் செய்யலாம். ஒவ்வொன்றும் 10 முதல் 15 முறை, மூன்று சுற்று, வாரத்தில் மூன்று நாள். கடைசி இரண்டு மூன்று முறை சிரமமாக இருந்தாலன்றித் தசை வளராது. ஆறு வாரத்திற்குக் குறைவாக விடுதல் வீண். இடையில், வலி இடங்கொடுக்கும் அளவிற்குப் படியிறங்கும் பயிற்சியும் தொடைப் பயிற்சியும் சேர்ந்துகொள்ள வேண்டும். இவற்றை எதிரே நிற்கும் தோழியோ கண்ணாடியோ கண்காணிக்கலாம்.

ஓடும் அளவைக் குறைத்தல் இதனினும் முக்கியமெனலாம். டென்மார்க்கில் 10 முதல் 14 வயதுவரையுள்ள 151 சிறார்க்கு முதல் நான்கு வாரம் ஓட்டத்தையும் குதித்தலையும் குறைத்து, பின்னர் படிப்படியாக உயர்த்தினர். பன்னிரண்டு வாரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டோர் தேறினர். ஒப்பிடுவதற்கு வேறு பிரிவு அதில் இல்லை எனினும், சிறார் இடையே இவ்வலி பிடிவாதமாக நீடிப்பதை அறிந்தோர்க்கு இது நம்பிக்கை அளிப்பதாகும். குறைத்தல் வேறு, நிறுத்துதல் வேறு. ஓடும்போது வலி பத்தில் இரண்டுக்கு மேற்போகாமலும், மறுநாட் காலை முன்னிருந்த நிலைக்கு இறங்கியும் இருந்தால் அந்த அளவு தகுந்தது; அதிகமாயின் குறைக்க வேண்டும்.

இடம் நோக்கியும் அளவு மாறும். கணவாய்ச் சமவெளியிலுள்ள பாலக்காட்டு மாணவி ஐந்து கிலோமீட்டர் ஓடுவதும், மூணாற்றுத் தோட்டச் சாலையில் ஒருத்தி ஐந்து கிலோமீட்டர் இறங்குவதும் முழங்காலுக்கு ஒன்றல்ல. இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே உடலைத் தடுத்து நிறுத்த வேண்டியிருப்பதால் சில்லின் அழுத்தம் மிகும். மலைப் பள்ளிகளில் வலியுள்ளோரை ஏற்றத்தில் ஓடவிட்டு, இறக்கத்தில் நடந்துவரச் செய்தல் நலம். சரிவிலுள்ள லயத்திலிருந்து பள்ளிக்கு நடந்து இறங்கும் தூரமும் அன்றாடக் கணக்கிற் சேரும் என்பதை ஆசிரியர் மறத்தலாகாது.

அடியின் நீளத்தைச் சிறிது குறைத்து எண்ணிக்கையைக் கூட்டுவதும் பயன் தரும். வேகம் மாறாமல் அடி எண்ணிக்கையை 10 சதவிகிதம் உயர்த்தினால் சில்லின்மீது விழும் உச்ச அழுத்தம் ஏறத்தாழ 14 சதவிகிதம் குறைகிறது. அரை நிமிடத்தில் வலது கால் ஊன்றும் எண்ணிக்கையை நான்கால் பெருக்கினால் நிமிடத்திற்கான அடிகள் கிடைக்கும். 160 என வந்தால் 176ஐ நோக்கிச் சில வாரங்களில் செல்லலாம். கைத்தட்டலின் தாளத்திற்கு ஓடவைத்தால் மாணவியர் இதனை எளிதிற் பற்றிக்கொள்கின்றனர்.

முழங்காலில் வலி, நோய் வேறிடத்தில்

மேற்கூறியவை யாவும் வீக்கமற்ற, காயமற்ற, சில்லைச் சுற்றிய வலிக்கே பொருந்தும். முழங்கால் வீங்கினாலும், பாதி மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டாலும், நடக்கையில் நழுவினாலும், காய்ச்சல் இருந்தாலும், ஓடாத இரவிலும் தூக்கத்தைக் கலைக்கும் வலி இருந்தாலும் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இளம் பருவத்தில் எலும்பிற் தோன்றும் புற்றுக்கட்டி முழங்காலை அடுத்தே பெரும்பாலும் தோன்றுகிறது. அது அரிது, ஆனால் தாமதம் பொறுக்காதது.

இடுப்பு நோய் ஒன்று முழங்கால் வலியாக வேடமிட்டு வருவதும் உண்டு. 10 முதல் 16 வயதுவரையுள்ள சிறார் சிலருக்கு, தொடை எலும்பின் தலைப்பகுதி அதன் வளர்ச்சித் தகட்டில் நழுவுகிறது. உடல் பருத்த சிறுவரிடம் இது அதிகம். இடுப்பிற்கும் முழங்காலுக்கும் பொதுவான நரம்புகள் இருப்பதால், இடுப்பில் வலியே இராமல் முழங்காலிலோ தொடையிலோ மட்டும் வலி தோன்றக்கூடும். சிறுவன் பாதத்தை வெளிப்புறம் திருப்பி நொண்டுவான். அவனை மல்லாத்தித் தொடையை வயிற்றை நோக்கி மெதுவாக மடக்கினால், அது நேரே வராமல் வெளிப்புறமாகச் சாயும். உட்புறம் திருப்ப இயலாது. இக்குறிகளைக் கண்டால் மேலும் சோதித்துப் பார்க்கவோ, எண்ணெய் தேய்த்து உருவவோ கூடாது. அக்காலை ஊன்றவிடாமல், அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தின் வழியாகவோ நேராகவோ எலும்பு மருத்துவர் உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்து “ஒன்றுமில்லை” என்று திருப்பியனுப்ப நேரலாமாதலால், உடன்செல்லும் ஆசிரியரோ பணியாளரோ சிறுவனின் நொண்டலையும் பாதம் திரும்பியிருப்பதையும் எடுத்துக்கூறி, இடுப்பையும் சேர்த்து எக்ஸ்ரே எடுக்குமாறு கேட்டல் வேண்டும்.